நன்னாரி வேர்த் தேநீர்: நாலு கோடை குடித்த அனுபவம்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வருடம் எங்கள் வீட்டில் நன்னாரி சர்பத் நின்றுபோனது. சித்திரை வெயிலில் மதுரைக்காரருக்குச் சர்பத் கிடையாது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. பாகுதானே ஆகாது, வேர் ஆகுமே என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வேரை மட்டும் வாங்கித் தேநீராகப் போட ஆரம்பித்தேன். நாலு கோடை முடிந்துவிட்டது.

முதல் மாதம் முழுக்கத் தப்பாகத்தான் போட்டேன். கஷாயம் மாதிரி நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டேன். வாசல்வரை மணக்கும், குடித்தால் கசக்கும். ஊரிலிருந்து வந்த அம்மாச்சி அடுப்படிக்குள் நுழைந்ததுமே, "வாசம் பூராத்தையும் வெளிய விட்டுட்டு எதைக் குடிக்கப் போற? தோலை மட்டும் எடு. நடுவுல இருக்கது வெறும் குச்சி" என்றார்கள்.

அதுதான் விஷயம். நல்ல நன்னாரி வேர் பென்சிலைவிட ஒல்லியாக, கரும்பழுப்பாக, முறுக்கின கம்பி போல இருக்கும். தோலில் குறுக்கே வளையம் வளையமாக வெடிப்பு ஓடும். மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, இடிகல்லில் லேசாகத் தட்டினால் தோல் தனியே உரிந்து வந்துவிடும். உள்ளே இருக்கும் மஞ்சள் குச்சியை முகர்ந்து பாருங்கள், மணமே இருக்காது. மணம் தரும் பொருள், வெனிலாவுக்கு வாசம் தரும் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட உறவு: இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கிய விதம்தான் வேறு. சூடு பட்டால் ஆவியோடு பறந்துவிடும். அதனால் இப்போது தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகுதான் தோலைப் போடுகிறேன். ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி. தட்டுப் போட்டு மூடிப் பத்து நிமிடம். தட்டைத் திருப்பினால் அதில் கோத்திருக்கும் வேர்வையே மணக்கும்; அதையும் தம்ளரிலேயே வழித்துவிடுவேன். எனக்கு மட்டும் கொஞ்சம் பனங்கற்கண்டு. கருப்பட்டி வேண்டாம், அதன் வாசம் நன்னாரியை அமுக்கிவிடும்.

இரண்டாம் வருடம் ஒரு கடையில் ஏமாந்தேன். நன்னாரி என்று கொடுத்தது விரல் தடிமனில், சதைப்பற்றாக இருந்தது. வீட்டில் போட்டதும் தலையைத் தூக்கும் வாசம், கூடவே லேசாக மூட்டைப்பூச்சி வாடை. ஊறுகாய் போடுகிற மாகாளிக் கிழங்கு அது! இரண்டிலும் மணப்பொருள் ஒன்றே என்பதால் மாற்றிக் கொடுப்பது சுலபம். மாகாளியில் தப்பில்லை, மோரில் ஊறினால் எனக்கும் உயிர். ஆனால் காட்டில் தோண்டித் தோண்டி அருகிவரும் கொடியை வேறு பெயரில் விற்பது மனசுக்கு ஒப்பவில்லை. அன்றிலிருந்து பொடி வாங்குவதே இல்லை. வேராகத்தான் வாங்குகிறேன், ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு.

பலன் கேட்பவர்களுக்கு: கோடையில் எனக்குத் தவறாமல் வரும் நீர்க்கடுப்பு இந்த நாலு வருடத்தில் ஒரே தடவைதான் வந்தது. தேநீரோடு தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கிறேன், அதற்கும் பங்கு உண்டு. அப்பாவின் சர்க்கரை அளவில் மாற்றமில்லை. மாத்திரை அப்படியேதான் போகிறது. நன்னாரி சர்க்கரையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சாயங்காலப் பால் டீயை மட்டும் அப்பா தானாகவே விட்டுவிட்டார்.

ஒரு தடவை ஊறிய தோலை அம்மா கொட்டவிடுவதில்லை. துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போட்டுவிடுவார். மறுநாள் மத்தியானம்வரை அந்தத் தண்ணீரில் மணம் இருக்கும்.