மகளுக்கேற்ற பெண்நோயியல் வைத்தியர்: கண்டியில் கிடைத்த சேவை

ஹட்டனுக்கு அப்பால் தோட்டத்தில் வசிக்கும் எங்களுக்கு, 15 வயது மகளின் மாதவிடாய்ப் பிரச்சினையை யாரிடம் காட்டுவது என்பது எளிதில் தீராத கேள்வியாக இருந்தது. "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றே எல்லோரும் சொன்னார்கள். முதற்சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவது இயல்புதான். ஆனால் இரத்தப்போக்கு 7 நாட்களைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே மாதவிடாய்த் துவாய் நனைந்து போனாலோ, வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

முதலில் சென்ற தனியார் மருத்துவ நிலையத்தில் வைத்தியர் மகளின் முகத்தையே பார்க்கவில்லை. அவர் சிங்களத்தில் கேட்டதையெல்லாம், கதவு திறந்திருக்க, உதவியாளர் உரத்த தமிழில் திருப்பிச் சொன்னார். வெளியே வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். மகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாள்.

பின்னர் எங்கள் குடும்பநல மாதுவின் யோசனைப்படி கண்டியில் ஒரு பெண் வைத்திய நிபுணரைச் சனல் செய்தோம், அதாவது தனியார் சேவையில் முன்பதிவு செய்து சந்தித்தோம். அவர் எங்கள் இருவருடனும் பேசிவிட்டு, என்னைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, தமிழ் தெரிந்த தாதியின் துணையுடன் மகளிடம் தனியே பேசினார். நாளொன்றுக்கு எத்தனை துவாய், கட்டிகள் போகின்றனவா, மூக்கிலோ பல் முரசிலோ இரத்தம் கசிவதுண்டா, வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கிய பின் இரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று அவர் கேட்டதை மகளே என்னிடம் சொன்னாள். இரத்தம் உறைவதில் உள்ள பரம்பரைக் குறைபாடும் இத்தகைய போக்குக்குக் காரணமாகலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. உட்பரிசோதனை எதுவுமில்லை, நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இரத்தசோகை என்று தெரிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதைத் தேநீருடன் எடுத்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அழுத்திச் சொன்னார். மூன்று வேளையும் தேநீர் குடிக்கும் நம் வீடுகளுக்கு இதைவிட அவசியமான அறிவுரை இல்லை. 2017 முதல் 6ஆம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியின் இரண்டு டோஸும் முடிந்தனவா என்றும் பார்த்தார்.

குறைகள் உண்டு. காத்திருப்பு நீளம்; கட்டணமும் பயணச் செலவும் நாட்சம்பளக் குடும்பத்துக்குப் பாரம். இயலாதவர்கள் அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் இலவசமாக நடக்கும் 'யொவுன் பியச' இளையோர் சேவையைக் குடும்பநல மாதுவிடம் விசாரிக்கலாம். எங்கே போவதானாலும், பிள்ளையிடம் தனியே பேசுவார்களா, தமிழில் பேசப் பெண் தாதி இருப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.