ஸ்காட்லாந்தில் ஏழு பைக்குகள்: மேற்கா, கிழக்கா, தெற்கா?

பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. கூட்டமாக ஸ்காட்லாந்தைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஏரி, கோட்டை, விஸ்கி எல்லாம் அப்புறம். ஏன் என்று ஆப்பிள்கிராஸ் மலையில் தெரிந்துகொண்டோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் ஏழு பேர், கிளாஸ்கோவாசிகள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். எங்களில் ஒருவர் இருபது வருடமாக ஓட்டுகிறவர். ஒருவர் போன வருடம் உரிமம் வாங்கியவர். ஒவ்வொரு ஜனவரியிலும் எந்தப் பக்கம் போவது என்று சண்டை நடக்கும். மூன்று கோடைகளில் மூன்று திசைக்கும் போய் வந்துவிட்டதால் இப்போது கொஞ்சம் நியாயமாகப் பேச முடிகிறது.

சண்டையில் முதல் பெயராக வருவது எப்போதும் ‘நார்த் கோஸ்ட் 500’தான். 2015இல் சுற்றுலாவுக்காகப் பெயர் சூட்டப்பட்ட வட்டப்பாதை அது. இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி வடகோடிக் கரையைச் சுற்றி அங்கேயே வந்து முடியும்; 516 மைல். கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னெஸ்ஸுக்கே 170 மைல், திரும்பவும் அதே தூரம். இரண்டு நாளில் முடித்தேன் என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் பார்த்ததெல்லாம் முன்னால் போனவரின் பின்விளக்கை. ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தால் போகலாம். வார இறுதிக்கு அது கணக்கில் இல்லை.

ஆகவே போட்டி மூன்று பாதைகளுக்கு இடையில்.

மேற்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அழகில் அதற்கு இணை கிடையாது. ஏ82 சாலை லோமண்ட் ஏரிக்கரையை ஒட்டி நெளிந்து போகும். டின்ட்ரம் என்ற சிற்றூரில் நாட்டிலுள்ள பாதி பைக்காரர்களும் தேநீருக்கு நிற்பதுபோல் இருக்கும். அதைத் தாண்டினால் ரானக் சதுப்புவெளி. மரமில்லை, வீடில்லை, கறுத்த நீர்க்குட்டைகளும் பழுப்புப் புல்லும்தான். அந்த வெறுமையிலிருந்து சாலை சரிந்து கிளென்கோ பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது இரண்டு பக்கமும் மலை எழுந்து நிற்கும். ஹெல்மெட்டுக்குள் நம்மை அறியாமல் ஒரு சத்தம் போடுவோம். 1692 பிப்ரவரியில், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த அரசுப் படையினர் தங்களுக்குச் சோறு போட்ட மெக்டொனால்டு குலத்தாரைக் கொன்றது இங்கேதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்ற சொல்லை இவ்வளவு நேராக வேறெங்கும் பொருத்த முடியாது.

கிளென்கோவோடு திரும்பியிருந்தால் மேற்குக்கே முதல் பரிசைக் கொடுத்திருப்பேன். நாங்கள் ஆப்பிள்கிராஸுக்குப் போனோம். கிளாஸ்கோவிலிருந்து 200 மைலுக்கு மேல். கடைசியில் ஏற வேண்டியது பியாலக் நா பா. கேலிக் மொழியில் ‘மாடுகளின் கணவாய்’. ஒரு காலத்தில் மாடுகளை இந்த வழியாகத்தான் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏறுகிறது சாலை. சில இடங்களில் ஐந்தடி முன்னே போனால் ஓரடி மேலே போகும் சரிவு. உச்சிக்கருகே கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரப் பலகையே எச்சரிக்கிறது: கற்றுக்குட்டி ஓட்டுநர்களுக்கு உகந்ததல்ல என்று. கொல்லிமலையின் எழுபது வளைவுகளைப் பார்த்தவர்கள் இதிலென்ன என்று கேட்பார்கள். கொல்லிமலைச் சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகலாம். இங்கே ஒன்றுதான் போகலாம்.

ஒற்றைத்தடச் சாலை. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகச் சாலை சற்றுப் புடைத்திருக்கும், அது ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால் அதில் ஒதுங்கி வழிவிட வேண்டும், பின்னால் வேகமாக வருகிறவருக்கும் விட வேண்டும். ஒரு காருக்கோ இரண்டு காருக்கோ கணக்குப் பண்ணிப் போட்டது. ஏழு பைக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டி ஒன்று இறங்கி வந்தது. முதல் நால்வர் ஒதுங்குமிடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வண்டிகள் சரிவில் நடுச்சாலையில். ஏழாவது ஆள் நான். வீட்டு வண்டிக்காரர் பின்னே போகத் தெரியாமல் முழிக்கிறார். எங்களுக்குப் பின்னே இரண்டு கார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் போன வருடம் உரிமம் வாங்கியவர். பிரேக்கை இறுக்கிப் பிடித்த அவர் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. “அண்ணா, இதை எப்படிப் பின்னால் கொண்டுபோவது?” என்று இன்டர்காமில் கேட்டார். இருநூறு கிலோவுக்கு மேலுள்ள வண்டி, பெட்டிகள் வேறு. நான் ஓரத்துப் புல்லில் ஏற்றி சைடு ஸ்டாண்டைப் போட்டேன், அவருக்குக் கைகொடுக்க. ஸ்காட்லாந்துப் புல் என்பது புல்லல்ல, ஈரப் பஞ்சு. ஸ்டாண்டு மெதுவாக உள்ளே இறங்கியது. திரும்பிப் பார்க்கும்போது என் வண்டி மாடு படுப்பதுபோல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டிருந்தது. கிளட்ச் நெம்புகோல் வளைந்தது, வேறு சேதமில்லை. அன்றிலிருந்து தட்டையாக நசுக்கிய டின் மூடி ஒன்று என் மேலங்கிப் பையில் எப்போதும் கிடக்கிறது. ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க.

அந்தச் சாலையைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேராகப் போனால் அது வாழ்நாள் நினைவு. ஏழு பேருக்கு அது போக்குவரத்து நெரிசல்.

மேற்கின் இன்னொரு விலை மழையும் மிட்ஜும். அட்லாண்டிக் காற்று முதலில் மோதுவது மேற்கு மலைகளில்தான். கிழக்கு அவற்றின் மழைமறைவில் இருக்கிறது. மிட்ஜ் என்பது கொசுவில் கால்வாசிகூட இல்லாத கடிபூச்சி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆட்சி அதனுடையது. காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது, அதனால் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. காற்றில்லாத மாலையில் நின்றால் போச்சு. எங்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை இரண்டு விரல் அளவு உயர்த்தி, அதன் வழியாக ரொட்டியை நுழைத்துச் சாப்பிட்டார்.

மேற்கிலேயே ஆர்கைல் பக்கம் போகலாமே என்று ஒருவர் வருடாவருடம் சொல்வார். படகுகளில் ஏறி இறங்கிப் போகும் அழகான பாதை. படகு ரத்தானால் திங்கட்கிழமை வேலைக்கு யார் போவது? ஆனால் போகும் வழியில் ஏ83 சாலையின் மேட்டில் ஓரிடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சாலை போட்டு முடித்த படைவீரர்கள் அங்கே ஒரு கல் நட்டு ‘இளைப்பாறு, நன்றியோடு இரு’ என்று பொறித்தார்கள். இடத்துக்கே அதுதான் பெயர். நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லின் ஒன்றுவிட்ட தம்பி. மழைக்கு மலை சரிந்து அந்தச் சாலை அடிக்கடி மூடப்படுவதுதான் வேடிக்கை.

கிழக்கு வேறு கதை. பிளேர்கௌரியிலிருந்து கிராண்டவுன்வரை 90 மைல். பனிச் சாலைகள் என்று பெயர். பிளேர்கௌரிக்குச் சற்று முன்பே மிக்ளூரில் சாலையோரம் பீச் மரவேலி ஒன்று நிற்கிறது: 1745இல் நட்டது, முப்பது மீட்டர் உயரம், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பச்சைச் சுவரை ஒட்டி ஓட்டுவதுபோல் இருக்கும். நட்டவர்கள் ஜேக்கபைட் போருக்கு (பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குலத்துக்காக எழுந்த கிளர்ச்சி) போய்த் திரும்பவில்லை, அவர்கள் நினைவாக வெட்டாமல் விட்டார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

அங்கிருந்து ஏ93 கிளென்ஷீ வழியாக 670 மீட்டருக்கு ஏறுகிறது. பிரிட்டனின் முதன்மைச் சாலைகளில் இதுவே மிக உயரமானது. பியாலக் நா பாவைவிட உயரம், ஆனால் இரண்டு தடம், அகன்ற வளைவுகள், நெடுந்தூரம் முன்னே தெரியும். புதியவர் தன் போக்கில் வரலாம், பழையவர் தன் போக்கில் போகலாம். இதைத்தான் நான் ஆப்பிள்கிராஸ் ரசிகர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்தேன்: உயரம் வேண்டுமென்றால் கிழக்கே வா.

கணவாயைத் தாண்டினால் பிரேமார். பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 27.2 டிகிரியை 1895இலும் 1982இலும் இரண்டு முறை தொட்ட ஊர். அப்புறம் பால்மோரல் அரண்மனைக் காடு, கார்கார்ஃபின் வெள்ளைக் கோட்டை, பிறகு ஏ939இல் லெக்ட் கணவாய். குளிர்காலத்தில் ‘காக்பிரிட்ஜ் – டாமின்டவுல் சாலை மூடப்பட்டது’ என்பது இங்கே வானொலிச் செய்தியின் நிரந்தர வரி. சாலையின் குறுக்கே பனிக்கதவுகளே உண்டு. ஏற்றம் திடீரென்று நிமிர்ந்து முகத்துக்கு நேராக வரும். முதல் கியரா இரண்டாவதா என்று மனம் தடுமாறும். கீழே ஒரு சுனையருகே, 1754இல் 33ஆம் படைப்பிரிவின் ஐந்து கம்பெனிகள் இங்கிருந்து ஸ்பே ஆறுவரை சாலை அமைத்தன என்று சொல்லும் கல் இருக்கிறது. கிளர்ச்சி செய்த மலைநாட்டவரை அடக்கப் போட்ட சாலைகளில் இன்று நாம் பொழுதுபோக்குகிறோம்.

கிழக்கின் குறை திரும்பும் வழி. ஏவிமோரிலிருந்து ஏ9 சாலைதான்; அதில் இன்வர்னெஸ்ஸிலிருந்து டன்பிளேன்வரை சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள். லாரிக்குப் பின்னே மணிக்கணக்காக ஊர்ந்து ஞாயிறு மாலை கண் சொக்கும். கூட்டப் பயணத்தில் விபத்துக்கு நான் அஞ்சுவது மலையில் அல்ல, இந்தச் சொக்கலில்தான். ஸ்பே பள்ளத்தாக்கு விஸ்கி ஆலைகள் நிறைந்த நாடு என்பதும் ஒரு சங்கடம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் ஓட்டுநருக்கான மது வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஆலைக்காரர்கள் ஓட்டுநருக்குச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், இரவு அறையில் வைத்துக் குடிக்க.

தெற்கை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அந்த வருடம் வடக்கே முழுக்க மழை என்றதால் வேண்டாவெறுப்பாகப் போனோம். கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் மாஃபட். இரண்டு இரவும் அங்கேயே தங்கினோம். பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு வெற்று வண்டியோடு ஓட்டும் சுகத்தை மற்ற இரண்டு பயணங்களிலும் நாங்கள் அறியவில்லை. கடைத்தெரு நடுவில் வெண்கல ஆட்டுக்கடா ஒன்று 1875 முதல் நிற்கிறது. சிற்பி அதற்குக் காது வைக்க மறந்துவிட்டார். அதைச் சுற்றித்தான் பைக்குகள் நிற்கும்.

ஊருக்கு மேலே ஏ701இல் ‘சாத்தானின் மாட்டுத்தொட்டி’ என்ற பெரும்பள்ளம். இங்கிலாந்து எல்லையைத் தாண்டி மாடு கவர்ந்து வந்தவர்கள் ஒளித்து வைத்த இடம். வெட்சித்திணை படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரந்தை சூடித் துரத்தி வந்தவர்களும் இருந்திருப்பார்கள். மேற்கே ஏறினால் 467 மீட்டரில் வான்லாக்ஹெட், ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த கிராமம். பக்கத்து லெட்ஹில்ஸில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1741இல் சந்தா கட்டித் தொடங்கிய நூலகம் இருக்கிறது. அங்கிருந்து மென்னக் கணவாய் இறங்குவது, மடித்த கம்பளியை உதறி விரித்ததுபோன்ற பச்சைக் குன்றுகளுக்கு நடுவே.

ஞாயிறன்று ஏ708: மாஃபட்டிலிருந்து செல்கர்க்வரை 34 மைல். அறுபது மீட்டர் அருவி ஒன்று, செயின்ட் மேரீஸ் ஏரி ஒன்று, மிச்சமெல்லாம் வளைவு. அங்கிருந்து ஹாயிக் (எழுதுவது ஹாவிக்). பைக்காரர்களுக்கு இது கோயிலூர். வில்டன் லாட்ஜ் பூங்காவில் பைக் பந்தய வீரர்கள் இருவரின் சிலைகள்: 1937இல் ஜெர்மன் கிராண்ட் பிரீயில் உயிர்விட்ட ஜிம்மி கத்ரி, ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் பதினொரு முறை வென்ற, 1989இல் அங்கே முதன்முதலாக மணிக்கு 120 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்த ஸ்டீவ் ஹிஸ்லப். பந்தயத்தில் தப்பிய ஹிஸ்லப் 2003இல் ஊருக்கருகே ஹெலிகாப்டர் விபத்தில் போனார். எங்கள் ஏழு பேரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது அந்த ஓரிடத்தில்தான்.

திரும்பும் வழியில் லாங்கம் தாண்டி எஸ்க்டேல்மியூர். ஆட்டு மேய்ச்சலுக்கு நடுவில் திடீரென்று பொன்முலாம் பூசிய திபெத்திய மடம், 1967இல் நிறுவிய சாம்யே லிங். தோல் உடையோடு ஏழு பேர், காவி உடைத் துறவிகள், எல்லோருக்கும் ஒரே மழை.

தெற்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். காட்டினால் ஊரார் வாய்பிளக்கும் புகைப்படம் ஒன்றுகூட அங்கே கிடைக்காது. ஏ75இல் கெய்ர்ன்ரையன் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகள் மூச்சை வாங்கும். ஆனால் சனிக்கிழமை இரவு ஏழு பேரும் ஒரே மேசையில், யாருக்கும் யார்மேலும் கோபமில்லாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பயணத்தில் மட்டும்தான். ஆகவே முதல்முறை கூட்டமாகப் போகிறவர்களுக்குத் தெற்குதான். இரண்டாவது முறை போகும் குழுவுக்குக் கிழக்கைச் சொல்வேன். இரண்டு பேர் மட்டும் என்றால் யோசிக்காமல் மேற்கு.

எந்தத் திசையானாலும் முறை ஒன்றே. பிரிவுதோறும் இரண்டாவது வண்டி நின்று வழிகாட்ட வேண்டும், கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னே சேர்ந்துகொள்ள வேண்டும். கடைசி வண்டி மட்டும் மாறவே கூடாது. சிறிய டேங்க் உள்ளவருக்குத் தாகமெடுக்கும்போது எல்லோரும் பெட்ரோல் போட வேண்டும், ஏனென்றால் ஞாயிறன்று கிராமத்து நிலையங்கள் சீக்கிரமே சாத்திவிடும். மழையில், சாலையின் குறுக்கே பதித்திருக்கும் மாட்டுத்தடுப்புக் கம்பிகளை நேராகக் கடக்க வேண்டும், அதன்மேல் பிரேக்கைத் தொடக் கூடாது.

இந்த வருடம் ஜூனில் மறுபடி மாஃபட், ஆறு பேர். ஏழாமவர், சரிவில் கை நடுங்கிய அதே தம்பி, மே முதல் வாரத்தில் ஒரு நண்பரோடு தனியாக ஆப்பிள்கிராஸ் போகிறாராம். மிட்ஜ் எழும் முன்பே. என் டின் மூடியைக் கடன் கேட்டிருக்கிறார்.