சிங்க்கா, அசிங்க்கா? லிங்க் அறுந்தால் தெரியும்

ஒரு ஸ்டோரேஜில் எழுதும் டேட்டாவைத் தொலைவிலுள்ள இன்னொரு ஸ்டோரேஜிலும் நகலாக வைப்பதுதான் ரெப்ளிகேஷன். அதில் சிங்க்ரனஸ் (சிங்க்), அசிங்க்ரனஸ் (அசிங்க்) என இரண்டு முறை. சர்வர் எழுதும் டேட்டா முதலில் உள்ளூர் ஸ்டோரேஜின் கேஷில் (வேகமான தற்காலிக நினைவகம்) விழும். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனில் வேலை அதோடு முடியாது. அதே டேட்டா தொலைவிலுள்ள ஸ்டோரேஜின் கேஷிலும் ஏறி, அங்கிருந்து பதில் திரும்பிய பிறகுதான் சர்வருக்கு ‘எழுதியாச்சு’ என்று தகவல் போகும். அசிங்க்ரனஸில் உள்ளூரில் விழுந்ததுமே பதில் கிடைத்துவிடும். மறுபக்கத்துக்கு டேட்டா, எழுதிய வரிசையிலேயே சேர்த்துவைக்கும் ஜர்னல் வழியாக, வரிசை குலையாமல், கொஞ்சம் பின்தங்கிப் போகும். பெயரைச் சுருக்கினால் காதில் விழும் விதத்தாலோ என்னவோ, அசிங்க் என்றாலே பலருக்கு இளக்காரம். ஆனால் தூரம் கூடினால் அதை விட்டால் வழியில்லை.

கணக்கு இதுதான். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோசெகண்ட், 100 கி.மீ. போய்த் திரும்ப 1 மில்லிசெகண்ட். ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனல் முறையில், சாதாரண ரைட்டில் (எழுதும் செயலில்) ‘அனுப்பட்டுமா’, ‘அனுப்பு’ என்பதற்கே ஒரு சுற்று, டேட்டாவுக்கு இன்னொரு சுற்று. ஆக 2 மில்லிசெகண்ட். டேட்டாபேஸ் லாக் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) ஒன்று முடிந்தபின் அடுத்தது என எழுதுவதாக வையுங்கள். உள்ளூரில் ஒரு ரைட்டுக்கு 0.5 மில்லிசெகண்ட் என்றால் செகண்டுக்கு 2,000 எழுதலாம், இப்போது 2.5 ஆகிவிடுவதால் 400தான். பேண்ட்வித்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் அந்த 400 அசையாது. முதல் சுற்றைத் தவிர்க்கும் ரைட் ஆக்சிலரேஷன் இருந்தால் 660ஐ ஒட்டி வரும்.

பேண்ட்வித்தும் சும்மா இல்லை. சிங்க்குக்கு ரைட் உச்சத்தில் இருக்கும் நேரத்தை வைத்து, இரு பக்கத்தையும் இணைக்கும் லிங்க் வாங்க வேண்டும். அசிங்க்கில் ஜர்னல் தாங்கும்வரை சராசரியை ஒட்டி வாங்கினால் போதும்.

‘டேட்டா இழப்பு பூஜ்யம்’ என்ற வாக்குறுதி லிங்க் அறுந்த அந்தக் கணத்தில் எந்த செட்டிங்கில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ரைட்டையே நிறுத்தினால் பூஜ்யம் உண்மை, ஆனால் அப்ளிகேஷன் படுத்துவிடும். பெரும்பாலோர் ‘தொடர்ந்து எழுது’ என்றே வைக்கிறார்கள். மாறிய டேட்டா பிளாக்குகள் எவை என்பது மட்டும் பிட்மேப் என்ற பட்டியலில் குறிக்கப்படும், மறுபக்கம் பழையதாகவே நிற்கும். அந்த நிமிடம் முதல் சிங்க்கும் அசிங்க் மாதிரிதான், சொல்லப்போனால் மோசம். லிங்க் திரும்பியதும் பிட்மேப்படி அனுப்பும்போது ரைட் வரிசை காக்கப்படாது. நடுவில் முதன்மை சைட் விழுந்தால் மறுபக்க டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம். ஆகவே ரீசிங்க் (விட்டுப்போனதை அனுப்பும் இந்த வேலை) தொடங்கும் முன் மறுபக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். லாக் வால்யூமையும் டேட்டா வால்யூமையும் ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில் (ரைட் வரிசையைச் சேர்த்துக் காக்கும் தொகுப்பில்) வைப்பது இரண்டு முறைக்கும் கட்டாயம்.

தவறுதலாக அழித்த டேபிள் சிங்க்கில் உடனே அங்கேயும் அழியும். அசிங்க்கில் சில செகண்ட் தள்ளி. பேக்கப் தனியாக வேண்டும்.