பழைய ஸ்டூடியோக்காரன் பார்த்த ‘ஜானே பி தோ யாரோ’ டிவிடி

மயிலாடுதுறையில் 1989-ல் போட்டோ ஸ்டூடியோ வைத்தேன். திறந்த அன்று சாமி படத்துக்கு மாலை போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நாளில் தூர்தர்ஷனில் இந்தப் படத்தைப் போட்டார்கள். வினோத், சுதிர் என்று இரண்டு பேர் பம்பாயில் ‘பியூட்டி போட்டோ ஸ்டூடியோ’ திறந்துவிட்டு, ஆள் வராமல் காத்துக் கிடக்கிறார்கள். நசீருதீன் ஷாவும் ரவி பாஸ்வானியும். பாதி இந்திதான் புரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து இது என் படம்.

இயக்குநர் குந்தன் ஷாவின் முதல் படம், 1983-ல் வந்தது. மத்திய அரசின் திரைப்பட நிறுவனமான என்.எஃப்.டி.சி. தயாரிப்பு. மொத்தச் செலவே 7 லட்சத்துக்குள். கட்டட முதலாளிகள் இருவர், லஞ்சம் வாங்கும் கமிஷனர் ஒருவர், ஊழலை வெளியில் கொண்டுவருவதாகச் சொல்லிப் பேரம் பேசும் பத்திரிகை ஆசிரியை ஒருவர். இவர்களுக்கு நடுவே நம் ஸ்டூடியோக்காரர்கள் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிவிடியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு காட்சி. போட்டிக்கு அனுப்ப ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். கழுவிப் பார்த்தால், பூங்காவில் எடுத்த ஒன்றில் யாரோ யாரையோ சுடுவது போலத் தெரிகிறது. பெரிதாக்குகிறார்கள். சுடுபவன் முதலாளி தர்னேஜா. அந்தப் பூங்காவுக்கு இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி பெயரை வைத்திருக்கிறார் குந்தன் ஷா. 1966-ல் ‘ப்ளோ-அப்’ படத்தில் இதே போல ஒரு போட்டோகிராபர் பெரிதாக்கிப் பார்த்துக் கொலையைக் கண்டுபிடிப்பதைக் காட்டியவருக்கு வைத்த வணக்கம் அது.

கதையே அந்த ஒரு பிரிண்டில் நிற்கிறது. பல வருஷம் முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கிய விசிடியில் அந்த இடம் வெறும் சாம்பல் கறை. அவர்கள் இரண்டு பேரும் எதைப் பார்த்துப் பதறுகிறார்கள் என்றே தெரியாது. எனக்கு அது பெரிய ஏமாற்றம். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவியின் தலையை மேலே ஏற்ற ஏற்ற உருவம் விரியும், கூடவே கிரெயின் என்கிற பொடிப்புள்ளிகளும் பூக்கும். டெவலப்பர் தட்டில் பேப்பரை ஆட்டும்போது முதலில் கறுப்பு வரும், அப்புறம்தான் முகம். 2005 வரை சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அந்த வேலையைச் செய்தவன் நான்.

என்.எஃப்.டி.சி. இந்தப் படத்தைச் சீரமைத்து 2012-ல் தியேட்டரிலும் மறுபடி வெளியிட்டது. அவர்களின் ‘சினிமாஸ் ஆஃப் இந்தியா’ வரிசை டிவிடியைத்தான் சொல்கிறேன். அந்த இடத்தில் நிறுத்தி, டிவி பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஆள் தெரிகிறான். எனக்கு அது போதும். பினோத் பிரதான் ஒளிப்பதிவு செய்த இரவுக் காட்சிகளிலும் இருட்டுக்குள் இருப்பது என்னவென்று புரிகிறது. முதலாளிகளில் ஒருவராக வரும் ஓம் பூரி குடித்துவிட்டுச் சவப்பெட்டியைப் பழுதான கார் என்று நினைத்து, உள்ளே இருக்கும் பிணத்திடம் உதவிக்கு வரவா என்று கேட்கிறாரே, அங்கே அவர் முகத்தைப் பாருங்கள். குறும்பு துளியும் இல்லை. மனதாரக் கேட்கிறார்.

அந்தப் பிணம், கொலையான கமிஷனர்தான். நடித்தவர் சதீஷ் ஷா. உயிரோடு வரும் காட்சிகளைவிடப் பிணமாக வரும் காட்சிகளில்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. கண் இமைக்காமல், உடம்பை அப்படியே விட்டுக்கொடுத்து நடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மகாபாரத நாடகக் காட்சியை அம்மாவோடு பார்த்தேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். மேடையில் திரௌபதி வேஷத்தில் நிற்பது அந்தக் கமிஷனரின் பிணம். பீமன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கண் தெரியாத திருதராஷ்டிரர் “என்ன நடக்குது இங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். துச்சாதனன் விது வினோத் சோப்ரா, பின்னாளில் பெரிய தயாரிப்பாளர் ஆனவர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது சப்டைட்டில் ஒருவர் பேச்சைத்தான் காட்ட முடியும். அதனால் அதை அணைத்துவிட்டு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் அம்மா, “நீ சும்மா இரு, எனக்குப் புரியுது” என்றார். சம்பந்தமே இல்லாத முகலாயக் காதல் கதையின் சலீமும் அனார்கலியும் அந்த மேடைக்குள் நுழைந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவு சிரிப்பு.

பிறகு கேட்டார்: “அந்தப் பாவிங்களுக்குத் தண்டனை உண்டாடா?” நான் பதில் சொல்லவில்லை. படம் முடிந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. டிவியில் நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ மோடு இருந்தால் மாற்றிவிடுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள். டார்க் ரூம் காட்சிக்கு அது அவசியம்.