மாடிஃபை செய்த காரும் இன்சூரன்ஸும்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

என்னுடைய ஹேட்ச்பேக் இப்போது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இல்லை. 15 அங்குலச் சக்கரங்கள் இருந்த இடத்தில் 17 அங்குல அலாய், வண்டியைக் கொஞ்சம் தாழ்த்தும் சஸ்பென்ஷன், முன்பக்கம் பெரிய பிரேக் டிஸ்க், டர்போ எஞ்சினுக்கு ரீமேப், அதாவது பவரைக் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரில் ஒரு மாற்றம். பார்க்க அடக்கமான வண்டிதான், பின்னால் இறக்கை எதுவும் முளைக்கவில்லை. இதே நிலையில் சில ரின்யூவல்களையும் ஒரு பெரிய கிளெய்மையும் கடந்துவிட்டேன். மாடிஃபிகேஷன் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் கேட்பது, "கம்பெனிக்குச் சொல்லிட்டியா?" என்பதுதான். நல்ல கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. சொன்னதை அவர்கள் பாலிசியில் எப்படி எழுதினார்கள் என்பது மீதிப் பாதி. பணம் கிடைப்பதும் கிடைக்காததும் அங்கேதான் இருக்கிறது.

மாற்றத்தைத் தெரிவிப்பது ஒரு வேலை. மாற்றிய பாகத்துக்கே காப்பு வாங்குவது வேறு வேலை. தெரிவித்துவிட்டால் பாலிசி செல்லுபடியாகும், அதாவது நாளைக்கு விபத்து என்றால் "மறைத்துவிட்டீர்கள்" என்று சொல்லிக் கிளெய்மைத் தள்ள முடியாது. ஆனால் உடைந்தது நீங்கள் ஆசையாக வாங்கிப் போட்ட பாகம் என்றால் அதன் விலை வருமா, வண்டியோடு வந்த ஸ்டாண்டர்டு பாகத்தின் விலை மட்டும் வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பாகம் தனி மதிப்போடு பாலிசியில் ஏறியிருக்கிறதா என்பதுதான். நிறைய பாலிசிகள் இயல்பாகவே ஸ்டாண்டர்டு பாகத்தின் விலையோடு நின்றுவிடும். ஏஜென்ட்டுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். "எல்லாம் போட்டாச்சு சார்" என்றால் எது போட்டாச்சு என்று கேட்க வேண்டும்.

நான் போட்ட கணக்கு இப்படி. சக்கரங்களுக்கும் பிரேக்குக்கும் பில்லைக் காட்டி மதிப்பு சேர்த்தேன். சஸ்பென்ஷனை வெறுமனே தெரிவித்ததோடு சரி, மதிப்பு சேர்க்கவில்லை. அதற்குக் கேட்ட கூடுதல் பிரீமியத்தையும், தேய்மானம் கழித்து இரண்டு வருடம் கழித்து என்ன தேறும் என்பதையும் வைத்துப் பார்த்தால் லாபமில்லை என்று தோன்றியது. இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

சக்கரம் பற்றிக் கம்பெனியிடம் பேசும்போது 'பெரிய சக்கரம்' என்று மட்டும் சொல்வது நமக்கு நாமே வைக்கும் ஆப்பு. கேட்பவர் மனதில் ஏதோ பூதாகரமான படம் வந்துவிடும். அளவைச் சொல்லுங்கள். என் வண்டியில் முதலில் இருந்தது 195/65 ஆர்15 (மில்லிமீட்டரில் டயரின் அகலம், அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம், அங்குலத்தில் ரிம்). இப்போது இருப்பது 225/45 ஆர்17. ரிம் இரண்டு அங்குலம் பெரிதானாலும் டயரின் சுவர் சிறிதாகிவிடுவதால் முழு விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 634 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் மாறாது. அதே 17 அங்குல ரிம்மில் 215/55 டயரை மாட்டியிருந்தால் விட்டம் 668 வரை போகும், ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, அதனால் காட்டும் வேகம் முன்பைவிடக் குறையும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதிகளில் 39-வது விதியின் அடிப்படை. கிளெய்ம் வந்தால் சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயருக்கு இது தெரியும். சுமைக் குறியீட்டையும் பார்ப்பார்கள். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. பழைய டயரைவிடக் குறைவான எண் கொண்ட டயரை மாட்டியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

சக்கரம் சுலபமாக முடிந்தது. இழுத்தடித்தது ரீமேப்தான். நான் கேட்ட முதல் கம்பெனி அந்த வார்த்தையைக் கேட்டதுமே "எங்களுக்கு வேண்டாம்" என்றது. அதில் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை, யாருக்கு இன்சூரன்ஸ் தருவது என்பது அவர்கள் விருப்பம். அடுத்த கம்பெனி எத்தனை சதவீதம் பவர் கூடியது என்று அத்தாட்சி கேட்டது. சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தின் ஷீட்டை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு அதிகாரி போன் செய்து, "பவர் குறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். அவர் ஒப்பிட்டது சக்கரத்தில் அளந்த எண்ணையும் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணையும். தயாரிப்பாளர் சொல்வது கிராங்க் ஷாஃப்டில், அதாவது எஞ்சினிலேயே கிடைக்கும் பவர். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வருவதற்குள் அதில் ஒரு பங்கு உராய்விலேயே போய்விடும். அப்படியே விட்டிருந்தால் எனக்குப் பிரீமியம்கூடக் குறைந்திருக்கலாம்! ரீமேப்புக்கு முன்பும் பின்பும் அதே டைனோவில் எடுத்த இரண்டு ஷீட்டுகளையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது. முன்னால் எடுத்த ஷீட் இல்லையென்றால் கூடிய சதவீதத்தைக் காட்ட வழியே இல்லை. ரீமேப் செய்யப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

"சாஃப்ட்வேர்தானே, யார் கண்டுபிடிக்கப் போறா?" என்று அறிவுரை சொல்ல ஆட்கள் உண்டு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பலவற்றில் எத்தனை தடவை புரோகிராம் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகிறது. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை இன்னொன்று கூடுமே தவிரக் குறையாது. ஏர்பேக் மாட்யூலோடு வரும் பதிவுக் கருவியோ, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், ஆக்ஸிலரேட்டர், பிரேக் என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். சின்னக் கீறலுக்கு யாரும் இதையெல்லாம் தோண்ட மாட்டார்கள். பெரிய தொகை, அதிலும் யாருக்காவது காயம் என்றால் தோண்டுவார்கள். பல நாடுகளில் தேர்ட் பார்ட்டி இழப்பீட்டைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்துவிட்டு, மறைத்த உரிமையாளரிடம் அதைத் திரும்ப வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு ஹெட்லைட் கிளெய்ம் போவதைவிட அது பல மடங்கு பெரிய ஆபத்து.

இந்த 'மறைக்கக் கூடாது' என்ற கொள்கைக்கு எல்லோரும் காட்டும் வழக்கு 1766-ல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்ன கார்ட்டர் - போம் வழக்கு. சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டை எதிரி கையில் போய்விட்டால் இழப்பீடு என்று அதன் கவர்னர் காப்பீடு எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும் விட்டார்கள். கோட்டையின் பலவீனத்தைச் சொல்லவில்லை என்று காப்பீடு கொடுத்தவர் வாதாடினார். நல்லெண்ணத்தோடு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் ஜெயித்தது கவர்னர்தான்! காப்பீடு கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதை, அவர் கேட்டிருக்கக்கூடியதை, பிறகு சாக்காகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். கடமை இரண்டு பக்கமும் உண்டு. அதனால்தான் போனில் சொன்னதோடு நான் விடுவதில்லை. பாகம், அளவு, போட்ட தேதி, பில், படம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பி, மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்ததற்கான என்டார்ஸ்மென்ட் கைக்கு வந்த பிறகுதான் வண்டியை வெளியே எடுப்பேன்.

கிளெய்முக்கு வருவோம். ஒரு சந்திப்பில் பக்கத்திலிருந்து வந்த வண்டி முன் இடது சக்கரத்தில் இடித்தது. ஃபெண்டர், ரிம், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மூன்றும் போயின. ஆளுக்கு ஒன்றுமில்லை. சர்வேயர் பட்டியலும் கையுமாக வந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஃபெண்டரில் பேச்சே இல்லை. ரிம்முக்குச் சேர்த்த மதிப்பிலிருந்து தேய்மானம் போக மீதி வந்தது. டேம்பருக்கு ஸ்டாண்டர்டு பாகத்தின் விலை மட்டும் வந்தது, எதிர்பார்த்ததுதான். அவர் துருவிக் கேட்டது ஒன்றே ஒன்று: தாழ்த்தியதால் பிரேக்கோ ஸ்டீயரிங்கோ பாதிக்கப்பட்டு விபத்து நடந்திருக்குமா? பொருத்திய ஒர்க்‌ஷாப்பின் பில்லும் அன்றைக்கு எடுத்த வீல் அலைன்மென்ட் அறிக்கையும் இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

எதிர்பாராத குடைச்சல் ரிம்மில் வந்தது. அந்த டிசைனைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். கம்பெனி கொடுப்பது உடைந்த ஒன்றுக்குத்தான். நல்ல நிலையில் இருக்கும் மற்ற மூன்றுக்கும் ஜோடி கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கு இழப்பே இல்லை. பழைய பொருள் சந்தையில் அலைந்து ஒன்றைப் பிடித்தேன், நிறம் அரை ஷேடு வித்தியாசம், நான் மட்டும்தான் கவனிக்கிறேன். அபூர்வமான ரிம் வாங்குகிறவர்கள் ஐந்தாவதாக ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். ஒரு ரின்யூவலில் புது பாலிசி வந்தபோது 'மாற்றங்கள்: இல்லை' என்று இருந்தது. கம்பெனி சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறது, பழைய என்டார்ஸ்மென்ட்டுகள் புதியதில் ஏறவில்லை. பிரீமியம் குறைவாக வந்ததே அதனால்தான். வேறு யாராவது என்றால் சந்தோஷமாகப் பணத்தைக் கட்டியிருப்பார்கள். அந்த ஆவணப்படி 'மாற்றம் இல்லை' என்று சொன்னது கம்பெனி இல்லை, நான். திருத்திய பாலிசி வரும் வரை மூன்று துறைகளுக்கு என்னைச் சுற்றவிட்டார்கள், ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. இப்போதெல்லாம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்கிறேன். போன வருடம் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. பாதையைக் கவனிக்கும் முன் கண்ணாடிக் கேமராவை, தாழ்த்திய உயரத்துக்கு ஏற்ப மறுபடி காலிபிரேட் செய்தீர்களா, அதாவது சரிசெய்தீர்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டி சாய்ந்து நின்றால் கேமரா பார்க்கும் கோணமும் மாறும்.

பிரீமியம் எவ்வளவு கூடும் என்பதுதான் எல்லோருக்கும் முதல் கவலை. என் அனுபவத்தில் சக்கரமும் பிரேக்கும் பெரிதாகக் கடிக்கவில்லை, ரீமேப் கடித்தது. அதைவிட முக்கியம் வண்டி முழுதாகப் போனால் என்ன கிடைக்கும் என்பது. சந்தை மதிப்பு பாலிசியில் மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு பெரும்பாலும் காற்றில் போன காசுதான், சில சமயம் அதனாலேயே மதிப்பைக் குறைப்பார்கள். முன்கூட்டியே ஒரு தொகையை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் பாலிசிக்கு மாறிய பிறகுதான் எனக்குக் கணக்குத் தெளிவானது. மதிப்பீட்டாளர் அறிக்கை, படங்கள் என்று கொஞ்சம் அலைச்சல் உண்டு, சில வருடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

கழற்றிய ஒரிஜினல் சக்கரங்களும் டேம்பர்களும் பரணில் கிடக்கின்றன. விற்கும்போது அவற்றைத் திரும்ப மாட்டினால்தான் வாங்குகிறவருக்கு இன்சூரன்ஸ் தொல்லை இருக்காது. வண்டியில் இல்லாத பாகத்துக்கு என் பாலிசியில் காப்பு கிடையாது என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். அவற்றை வீட்டுப் பொருள் காப்பீட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.