ஏரிக் கால்வாயைத் தேட எந்த வரைபடம் உதவும்?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு ஏரி. அதன் வரத்துக்கால்வாயில் பாதி தூரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எது புறம்போக்கு, எது பட்டா நிலம் என்பதில் ஊருக்குள் ஆளுக்கொரு கணக்கு. தூர்வாரும் முன் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாறு பேர் உட்கார்ந்தோம்.

முதலில் திறந்தது மாநில அரசின் வரைபடத் தளமான டி.என்.ஜி.ஐ.எஸ். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் சர்வே எண்களின் கோடுகள் தெரிகின்றன, செல்போனே போதும். ஆனால் கோடு சில இடங்களில் வரப்பை விட்டு விலகி நிற்கும். பழைய புலப்படங்கள், அதாவது சர்வே எண் வாரியான நில அளவைப் படங்கள், சங்கிலி பிடித்து, கல்லுக்குக் கல் அளந்து வரைந்தவை. அவற்றை அட்சரேகை, தீர்க்கரேகைக்குள் பொருத்தும்போது விலகல் வரத்தான் செய்யும். தவிர, நாம் நேரில் கண்டதை அதில் குறித்துவைக்க முடியாது.

இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் என்ற செயற்கைக்கோள் படத் தளம் வேறு வகையில் உதவும். ஏரியின் நீர்ப்பரப்பு, சாகுபடி எல்லாம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறின என்று பார்க்க நல்லது. கால்வாய்க்கு ஆகாது. அதிலுள்ள லிஸ்-4 செயற்கைக்கோள் கேமராப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 5.8 மீட்டர், எங்கள் கால்வாயின் அகலமே 2 மீட்டர்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யாரும் திருத்தலாம், பாதையும் மதகும் போடலாம். பட்டா எல்லைகளுக்கு அது இடமில்லை.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இலவசம், நம் கணினியிலேயே ஓடும். அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும் புலப்படத்தை இறக்கி, நேரில் கண்ட கற்களை வைத்துப் பொருத்தினோம். இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் ஆய அமைப்பாக, எங்கள் பகுதிக்குரிய யுடிஎம் 44 வடக்கைத் தேர்ந்தெடுத்தோம். கற்றுக்கொள்ள நாலைந்து நாள் உட்கார வேண்டும், அது உண்மை. அப்புறம், இரண்டு பேர் தனித்தனிப் பிரதியில் திருத்தினால் குழப்பம்தான். அதனால் திருத்துவது ஒருவர், பார்ப்பது எல்லோரும். 2019-க்கு முந்தைய கோப்புகளில் 'வேலூர்' என்றால் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்த்துத்தான், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பட்டாதாரர் பெயர்களைப் பகிரும் கோப்பில் சேர்க்கவே வேண்டாம்.

செல்போன் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி எல்லை போடாதீர்கள். 40 மீட்டர் நீள வரப்பு 5 மீட்டர் தள்ளிப்போனால் 200 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 5 சென்ட்! கால் ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு.

எங்கள் ஊரில் ஓரிடத்தில் எல்லைக்கல் எங்கே என்ற சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு கடப்பாரை. "கல்லு இங்கதாம்பா கீது" என்று பெரியவர் ஒருவர் முள்ளுக்குள் இறங்கிக் குத்திக் காட்டினார். ஒரு முழ ஆழத்தில் எல்லைக்கல். தளத்தில் பார்த்த கோட்டுக்கு நாலு மீட்டர் கிழக்கே இருந்தது. போட்டோ எடுத்துக் கோப்பில் இணைத்து, கோட்டை நகர்த்தினோம். அது எங்கள் படம் மட்டுமே. சர்வேயர் அளந்து காட்டினால்தான் சட்டப்படி எல்லை. அதனால் அந்த ஒரு துண்டில் மட்டும் பொக்லைனை இறக்கவில்லை. அளக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.