முதுகலை உதவித்தொகைக்காக ஏஜென்டிடம் கைரேகை வைக்காதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து எம்.எஸ்ஸி. முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவருக்கு உதவித்தொகை அனுமதியானது. பணம் செலுத்தப்பட்டுவிட்டதாக போர்ட்டலும் காட்டியது. அவருடைய பாஸ்புக்கில் மட்டும் ஒரு ரூபாய் ஏறவில்லை. கல்லூரியில் கேட்டால் வங்கிக்குப் போகச் சொன்னார்கள், வங்கியில் கேட்டால் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள். கடைசியில் ஆதாரை வைத்துப் பார்த்தபோதுதான், அவர் பெயரில் அவருக்கே தெரியாத ஒரு பேமென்ட் வங்கிக் கணக்கு இருப்பது தெரிந்தது. பணம் அதில் வந்து, அதிலிருந்தே எடுக்கப்பட்டும் இருந்தது.

விண்ணப்பிக்க அவர் போனது பேருந்து நிலையம் அருகே 'ஸ்காலர்ஷிப் வாங்கித் தரப்படும்' என்று போர்டு வைத்திருக்கும் ஒரு கடைக்கு. கட்டணம் ₹2,000. "ஆதார் வெரிஃபிகேஷனுக்கு ஒரே ஒரு கைரேகைதான் பாப்பா" என்று சொல்லி இரண்டு முறை விரலை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் கைரேகையில் கணக்கு திறக்கப்பட்டது. இரண்டாவதில் அந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டது. சில மாதம் கழித்து, "ரெனியூவலுக்கு" என்று மறுபடி கூப்பிட்டு வாங்கிய கைரேகையில் பணம் எடுக்கப்பட்டது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் கணக்கு எண்ணுக்குத்தான் பணம் வரும் என்று நினைக்கிறோம். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் அப்படி வருவதில்லை. எந்த வங்கிக் கணக்கு கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ, அங்கேதான் போகும். புதிதாக ஒரு கணக்கை இணைத்தால் பழைய இணைப்பு தானாகவே விலகிவிடும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்பதும் ஆதார் சீடிங் (அரசுப் பணம் வரும் கணக்காக ஆதாரோடு இணைப்பது) ஆகிவிட்டது என்பதும் வேறு வேறு. பணம் அனுப்பப்பட்டும் வந்து சேரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பார்ப்பது சுலபம். ஆதார் எண்ணோடு பதிவான செல்போனிலிருந்து *99*99*1# என்று டயல் செய்து ஆதார் எண்ணைக் கொடுத்தால், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியிலும் பார்க்கலாம். தெரியாத வங்கி பெயர் வந்தால், உங்கள் சொந்த வங்கிக் கிளைக்கு ஆதாரோடு நேரில் போய், டிபிடி பணம் (அரசு நேரடியாக அனுப்பும் பணம்) இந்தக் கணக்குக்கே வர வேண்டும் என்று சீடிங் படிவம் எழுதிக் கொடுங்கள். எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டு வைத்தால், நீங்கள் திறந்துவிடும்வரை யாரும் உங்கள் விரலை வைத்துப் பணம் எடுக்க முடியாது. விண்ணப்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

அந்தக் கடைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் வேதனை. நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஓடிஆர் எனப்படும் 14 இலக்கப் பதிவு எண்ணை ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே எடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஒருவருக்கு ஒரே ஓடிஆர் தான். ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். கல்லூரி உங்கள் விண்ணப்பத்தை 'டிஃபெக்ட்' என்று திருப்பி அனுப்பினாலும் அந்தச் செய்தி உங்களுக்கு வராது. திருத்தக் கடைசி நாள் கடந்துவிடும். அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுபடி அவரிடமே காசு கொடுத்து நிற்க வேண்டிவரும்.

முதுகலைக்கு இருக்கும் உதவிகளில் ஏஜென்ட் தலையிட இடமே இல்லை. யுஜிசியின் முதுகலை தேசிய உதவித்தொகை மாதம் ₹15,000 வீதம் ஆண்டுக்கு 10 மாதம், இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். 10,000 இடம். முதலாண்டில், ரெகுலர் படிப்பில், 30 வயதுக்குள் இருப்பவர் விண்ணப்பிக்கலாம். இளநிலை மதிப்பெண்ணை வைத்தே தேர்வு நடக்கிறது, நேர்காணல் இல்லை. "ஆள் இருக்கிறார், பேசி வாங்கித் தருகிறேன்" என்பவர் யாரிடம் பேசுவார்? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கொடுக்கும் ஒன்றிய அரசின் உதவித்தொகையை இளநிலையிலிருந்தே வாங்கி வருபவருக்கு முதுகலையில் ஆண்டுக்கு ₹20,000. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணோடு எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் ஏஐசிடிஇ மாதம் ₹12,400 தருகிறது. அதற்குக் கல்லூரி உங்களுக்கு ஐடி உருவாக்க வேண்டும், வெளி ஆளால் முடியாது.

மாநில உதவித்தொகைக்கு யூமிஸ் எனப்படும் மாநில அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளம் வழிதான். பிசி, எம்பிசி, சீர்மரபினர் முதுகலை மாணவருக்கும், எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு ₹2.5 லட்சம். கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் பொறுப்பாசிரியரிடம் யூமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள். சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ கேட்கலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் ₹60தான். "குறைத்துப் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் வாங்கும் சான்று சரிபார்ப்பில் விழுந்தால், மாட்டுவது மாணவர்தான்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் மாதம் ₹1,000 முதுகலைக்குக் கிடையாது. முதல் பட்டதாரி சலுகையும் இளநிலைத் தொழிற்படிப்புக்குத்தான். இவற்றை முதுகலைக்கு வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னாலே அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது ஏமாற்றுகிறார். எஸ்சி மாணவர்களை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டு "அரசு கட்டிவிடும்" என்பதும் இதே ரகம். அந்த இடங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வராது.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் இன்னொரு வலை விரிக்கப்படுகிறது. பெங்களூரு தனியார் கல்லூரிகளில் எம்பிஏ, எம்சிஏ இடம், "டிரஸ்ட் ஸ்காலர்ஷிப், ஃபீஸே இல்லை" என்பார்கள். அப்பாவிடம் பான் கார்டு, பாஸ்புக் வாங்கி, டேப்லெட்டில் கையெழுத்தும் ஓடிபியும் கேட்பார்கள். அந்தக் கையெழுத்து, நிதி நிறுவனக் கடனுக்கும், கணக்கிலிருந்து மாதத் தவணையைத் தானாகப் பிடிக்க நாச் ஒப்புதலுக்கும் போடப்பட்டது. பணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். அடுத்த மாதமே அப்பாவின் கணக்கில் தவணை பிடிப்பு தொடங்கும். கணக்கில் காசு இல்லாவிட்டால் பவுன்ஸ் கட்டணம் சேரும், சிபில் எனப்படும் கடன் மதிப்பெண் கெடும்.

உதவித்தொகைக்குப் பெற்றோரின் பான் கார்டும் ஓடிபியும் எதற்கு என்று அங்கேயே கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழில் கேட்டால் இழுத்தடிப்பவரிடம் கையெழுத்து போடாதீர்கள். செயலி வழியாக எடுத்த கடன் என்றால் அந்த அறிக்கையில் 'கூலிங் ஆஃப்' காலம் குறிப்பிட்டிருக்கும். அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி விலகலாம். உண்மையிலேயே கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி போர்ட்டலில் இலவசமாக விண்ணப்பியுங்கள். பொதுத்துறை வங்கியில் ₹4 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராக இருந்தால் போதும்.

கல்லூரியை விட்டு விலகுவதென்றால் தாமதிக்காதீர்கள். யுஜிசியின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் அதிகபட்சம் ₹5,000 செயலாக்கக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்கப்புறம் எதுவும் கிடையாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் அதே விதி அனுமதிப்பதில்லை. ஏஜென்டிடமோ அசல் டிசி, மார்க்‌ஷீட்டைக் கொடுக்கவே கூடாது.

ஏற்கெனவே சிக்கியவர்கள்: கைரேகையால் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. பணம் வந்த வங்கியிடம் கணக்கு அறிக்கை கேளுங்கள், எடுத்த தேதியும் பரிவர்த்தனை எண்ணும் அதில் இருக்கும். அந்த அறிக்கை, போர்ட்டலின் ஸ்டேட்டஸ் அச்சு, ஏஜென்டுக்கு அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்து புகார் எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து மனு எண் வாங்குங்கள். கடன் விவகாரம் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், அதற்கான எண் 14448. போர்ட்டலில் செல்போன் எண் மாற்ற முடியாமல் நின்றால் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் உதவி எண் 0120-6619540. அழைக்கும்போது ஓடிஆர் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.